எனக்கு மட்டும் வந்த குரல்

கை மைக்கை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, ஐயா. பேச ஆரம்பிக்கும்போது வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். பேச்சு சூடு பிடித்ததும் கை மெல்ல இறங்கித் தொப்புளுக்கு நேராக வந்து நின்றுவிடும். பிறகு சவுண்டு சரியில்லை என்று பழி என் தலையில் விழும். அதனால்தான் யார் வந்து கேட்டாலும், ஆளைப் பார்த்து மைக்கைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். பாடுகிறவருக்குக் கைமைக். ஓடியாடிப் பேசுகிறவருக்குக் காதில் மாட்டுவது. நின்று நிதானமாகப் பேசுகிறவருக்குக் காலர் மைக். பொட்டு அளவுதான் இருக்கும். அதன் கம்பி உடைக்குள்ளேயே இறங்கி, இடுப்பில் செருகிய சின்னப் பெட்டியில் போய்ச் சேரும். குரலைக் காற்றில் அனுப்புவது அந்தப் பெட்டிதான்.

என் மனைவிக்கு எப்போதும் காலர் மைக்தான். விழாக்களைத் தொகுத்து வழங்குவது அவள் தொழில். அந்த விழாக்களுக்கு ஒலி அமைப்பது என் தொழில். பொருத்தமான ஜோடி என்று எல்லோரும் சொல்வார்கள். மைக்கை நானே குத்திவிடுவேன். கம்பி ஆடாமல் கழுத்தோரம் டேப் ஒட்டுவதும் நான்தான். கைபேசி பக்கத்தில் இருந்தால் மைக்கில் இரைச்சல் வரும் என்பதால், மேடை ஏறுமுன் அதை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாட்டிக்கொண்டவர் கையில் மைக்கை அணைக்கும் வேலையை நாங்கள் விடுவதில்லை. அணைத்தவர் திரும்பப் போட மறந்துவிடுவார். அதனால் பெட்டியின் பொத்தானைப் பூட்டிவிட்டு, வேண்டாத நேரத்தில் என் ஒலி மேசையிலேயே குரலை அடைத்துவிடுவேன். அரங்கத்துக்குக் கேட்காது. ஆனால் என் ஹெட்போனில் கேட்கும். பேட்டரி இறங்குகிறதா, துணி உரசுகிறதா என்று பார்க்க அது வேண்டும். சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, மைக்குக்கு உண்டு. ஒரு பெரிய மனிதர் கழிவறையில் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். வெளியே சொன்னதில்லை. தொழில் தர்மம்.

இத்தனை பேரைக் கேட்டதில் ஒன்று புரிந்தது. பயத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு. வாய் வறண்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும். மூச்சு பாதியில் நின்று, பிறகு சின்னச் சின்னதாக வரும். மேடையில் அவளிடம் அந்தச் சத்தம் வந்ததே இல்லை. ஆயிரம் பேர் முன்னால் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவாள். நிகழ்ச்சி முடிந்து, வீட்டுக்குக் கிளம்பலாமா என்று நான் கேட்கும்போதுதான் வரும். சிலருக்கு மேடைப் பயம், இவளுக்கு வீட்டுப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். மைக்கைக் குத்த என் கை அவள் கழுத்தருகே போனாலும் மூச்சு அப்படியே நின்றுவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் கை பட்டால் இப்படி ஆகிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் நிகழ்ச்சி நேரத்தில் மட்டும் கேட்டேன். பிறகு அவள் உடை மாற்றும் அறைக்குப் போகும்போதும் கேட்டேன். யாரிடமாவது கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால், அந்த ஆள் வருகிற நிகழ்ச்சிகளை அதற்குப் பிறகு ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் சொல்லிச் சண்டை போட்டதில்லை. நான் பொறுமைசாலி. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு நாள் வண்டியில் வரும்போது, "இனிமே எனக்குக் கைமைக்கே குடுங்களேன். மாட்டிவிட உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு ஒரு சிரமமும் இல்லை என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு விழாவில் அவளுடைய அக்கா அவளைப் பார்க்க உடை மாற்றும் அறைக்கு வந்தாள். அந்த அம்மாளுக்கு என்னை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. மேடையில் யாரோ பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹெட்போனில் இருந்தேன்.

"கழுத்துல என்னடி இது?"

"மைக் ஒட்டுற டேப்புக்கா. ஒத்துக்கலை."

"டேப்பு விரல் விரலாவா பதியும்?"

இவளிடமிருந்து அந்த நாக்குச் சத்தம் மட்டும் வந்தது. அக்காக்காரி எப்போதுமே துரும்பைத் தூணாக்குகிறவள். அடுத்த விழாவில், சிறப்பு விருந்தினர் பேச எழுந்ததும் பின்பக்கச் சந்துக்கு வந்துவிடு, தெருமுனையில் காரோடு நிற்கிறேன் என்றாள். வீட்டுக்குப் போய்விட்டால் உன்னால் கிளம்ப முடியாது என்றும் சொன்னாள்.

"பயமா இருக்குக்கா. அவருக்கு எப்படியோ எல்லாமே தெரிஞ்சிடுது."

அவளுக்குப் பயம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை யாரும் கேட்கவில்லை. உள்ளங்கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது. வீட்டுக்குப் போனதும் அவள் அலமாரியைத் திறந்து துணிகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. அதன் பிறகு ஒரு இரவும் சரியாகத் தூங்கவில்லை. அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அவளும் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

அந்த அடுத்த விழா நடந்த அரங்கம் எனக்குப் பழகின இடம். மேடைக்குப் பின்னால் சந்துக்குப் போக ஒரு குறுகலான நடை. ஜன்னல் கிடையாது. மேடைப் பக்கத்துக் கதவு தானாக மூடிக்கொள்ளும். நடைப் பக்கம் அதன் கைப்பிடி என்றைக்கோ கழன்றுவிட்டது. அதனால் எப்போதும் ஒரு கட்டையை அண்டக் கொடுத்திருப்பார்கள். சந்துப் பக்கம் இரும்புக் கதவு. மின்சாரம் போனால் பேச்சு அறுந்துவிடக் கூடாது என்று என் ஜெனரேட்டரை அந்த நடையில்தான் வைப்பேன். யாரும் கை வைக்காதபடி கம்பிக்கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். புகை போக இரும்புக் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். அன்றைக்குப் பூட்டினேன். கட்டையையும் எடுத்துவிட்டேன். சிறப்பு விருந்தினர் எழுந்ததும் மேசையிலிருந்தே ரிமோட்டில் ஜெனரேட்டரை ஓட விட்டேன். மின்சாரம் போகவில்லைதான். முன்னெச்சரிக்கை.

மைக்கின் குரலை வாங்குகிற ஆன்டெனாவைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மைக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே சுவர் வந்தால் குரல் விட்டு விட்டுத்தான் வரும். ஆள் எங்கே பேசப்போகிறாரோ அந்த இடம் ஆன்டெனாவுக்குத் தெரிய வேண்டும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. யாரும் பேசாத நடையில் எதற்கு ஆன்டெனா என்றீர்கள். அவள் அங்கே பேசுவாள் என்று எனக்குத் தெரியும்.

மேடையிலிருந்து இறங்கி நேராக அங்கேதான் போனாள். அவள் குரலை அடைத்துவிட்டு ஹெட்போனைச் சரிசெய்துகொண்டேன். அவளுக்குப் பின்னால் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. இரும்புக் கதவை இழுத்தாள். இன்னும் பலமாக இழுத்தாள். பிறகு தட்டினாள். ஜெனரேட்டர் சத்தத்தில் அது வெளியே கேட்டிருக்காது. இந்தப் பக்கம் விருந்தினர் பேச்சுக்குக் கைதட்டல். முதலில் அக்காவைக் கூப்பிட்டாள். அப்புறம் வாட்ச்மேனை. யாராவது இருக்கீங்களா என்று பொதுவாக ஒரு தடவை. என்னைக் கூப்பிடவில்லை. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன், ஐயா. கூப்பிட்டிருந்தால் உடனே எழுந்து போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் பையில் அவள் கைபேசி அதிர்ந்தது. எங்கடி இருக்க என்று அக்கா கேட்டிருந்தாள். கொஞ்சம் நேரமாகும், அங்கேயே இருங்க என்று பதில் போட்டேன். பாவம், அவளும் கவலைப்படுவாள் அல்லவா.

இருமல் ஆரம்பித்தது. கூண்டைப் பிடித்து உலுக்கினாள். பிறகு எல்லாம் நின்றது. துணி உரசுகிற சத்தம் வந்தது. மைக்கை விரலால் தொட்டுப் பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அடுத்து வந்த குரல் மிக மெல்லியது. காதுக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

"நீங்க கேட்டுக்கிட்டுதானே இருக்கீங்க."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"கதவைத் திறங்க. நான் எங்கயும் போகலை. வீட்டுக்கே வந்துடுறேன்."

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் விருந்தினர் இன்னும் முடிக்கவில்லை. நிகழ்ச்சி நடக்கும்போது மேசையை விட்டு எழுந்து போகிறவன் ஒலிக்காரனே இல்லை.

"தலை சுத்துதுங்க. நிக்க முடியலை. உங்களுக்கு வர மனசில்லைன்னா, என் குரலை ஹாலுக்காவது விடுங்க. யாராவது வருவாங்க."

அதுதான் அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வந்தது. பிறகு ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி இறங்கவில்லை. பார்த்தேன்.

பேச்சு முடிந்து, நன்றியுரை முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகுதான் போய்க் கதவைத் திறந்தேன். மேடைப் பக்கத்துக் கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தாள். அவளைக் கொன்றது நான்தான். அதை ஒளிக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஏன் குரலை ஹாலுக்கு விடவில்லை என்று கேட்டீர்களே, அது மட்டும் எனக்கு வருத்தமாக இருந்தது. விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. ஒரு தடவை அழுத்தியிருந்தால் அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கும். இருமலும் அழுகையும் கெஞ்சலுமாக அந்தக் குரலை ஊர் கேட்டால் நாளைக்கு அவளைப் பற்றி என்ன பேசும். கட்டியவன் அதைக்கூட யோசிக்க வேண்டாமா. அத்தனை பேர் முன்னால் அவள் மானம் போகாமல் காப்பாற்றினேன், ஐயா.