மூலைக் கம்பில் துணிக்கட்டு

— இரு நல்லமுத்து. போலீசுக்குக் கடுதாசின்னா மொதல்ல யார் யார் எங்கே இருந்தோம்னு வரணும். "இன்று காலை தக்காளித் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் இருந்தவர்கள்: இதை எழுதும் உரக்கடை ராஜகுரு, பழப்பெட்டி மேல். நல்லமுத்துவாகிய நான், வரப்பின் மேல். இறந்துபோன என் தம்பி உதயகுமாரின் மனைவி முருகலட்சுமி, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில்." சரிதானே?

— வரப்புன்னு போடாதீக அண்ணாச்சி. வரப்பு தம்பி பங்கு. தரையிலன்னு போடுங்க.

— "தரையில்." நீ என்னம்மா சொல்ற?

— நான் என்னத்தச் சொல்ல. பதினாறு நாளா இந்தப் பழத்தப் பறிக்க ஒரு ஆளு எறங்க மாட்டேங்குது. கிளி கொத்திப் போடுது. எழுதுங்க.

— மேல சொல்லு நல்லமுத்து.

— எந் தம்பி மோட்டார் வயர்ல ஷாக் அடிச்சுச் செத்தான்னு ஸ்டேஷன்ல நான் சொன்னது பொய். காட்டுப்பன்னிக்காக என் வேலிக்கம்பியில ராத்திரி கரண்டு விட்டது நான். அதுதான் அவன அடிச்சது.

— "கரண்டு விட்டது நானே." எத்தனை மணி வரைக்கும்?

— அஞ்சு மணிக்கு அணைச்சிருவேன். அவனுக்கும் தெரியும். அன்னைக்கு முகூர்த்தத்துக்கு லோடு போகணும்னு நாலரைக்கே பழம் பறிக்க எறங்கிட்டான்.

— அவன் உன் வேலியத் தொடமாட்டானே. செடியைத் தூக்கிக் கட்டுற கம்பியைத்தானே பிடிச்சுக்கிட்டுக் கிடந்தான்? அதுல எப்படி ஏறும்? என் கடையில கம்பி வாங்கும்போதே சொன்னான். "வரிசைக்கு வரிசை கம்பு ஊனி கம்பி இழுக்கேன் அண்ணாச்சி, ஆனா கடைசி முனையை எங்க அண்ணன் வேலியோட மூலைக் கம்புல கட்டுறப்ப, ஒரு முழத்துக்குச் சேலைத் துணிதான்." துணி என்ன ஆச்சு?

— இத்துப்போச்சு. நான் அவுத்துட்டுக் கம்பியப் போட்டு இழுத்துக் கட்டினேன். அது என் வேலிக்கம்பி மேல பட்டுருச்சு. எழுதுங்க.

— நீயா? என்னைக்கு?

— அவன் செத்ததுக்கு மொத நாளு. சாயங்காலம்.

— மொத நாள் சாயங்காலம் மல்லாங்கிணத்துக் கல்யாண வீட்டுல என் எலைக்கு எதிர் எலை நீ. ராத்திரி ஒரே பஸ்ஸுல வந்து எறங்கினோம்.

— அப்ப காலையிலன்னு போடுங்க.

— தேதி என்ன தக்காளியா, உருட்டி உருட்டிப் பாத்து எடுக்க?

— தாயி, கவர் ஒட்ட வீட்டுல போயி நாலு பருக்கை சோறு கொண்டாந்துரு.

— சரி மச்சான்.

— போயிட்டா. இப்பச் சொல்லு நல்லமுத்து.

— அது அவ போட்ட முடிச்சு அண்ணாச்சி. ஆட்டுக்குட்டிக்குப் போடுறாப்புல ரெட்டைச் சுருக்கு. அவன் டவுனுக்குப் போயிருந்தப்ப காய்ப் பாரத்துல வரிசை சாஞ்சிருக்கு. பழம் மண்ணுல பட்டா அழுகிருமேன்னு இழுத்துக் கட்டியிருக்கா. அந்த ஒரு முழத் துணி எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. போலீசு வாரதுக்கு முன்ன அந்த முடிச்ச நான் அறுத்துக் கெணத்துல போட்டுட்டேன்.

— அவகிட்டச் சொன்னியா?

— எந்த வாயால சொல்ல? ரெண்டும் பொட்டப்பிள்ளைக. இவளால தாங்க முடியுமா?

— அப்ப கரண்டு விட்டேன்னு மட்டும் சொல்லு. அது கவனக்குறைவு. கம்பியையும் நீதான் கட்டினேன்னா? கெணத்துப் பங்குக்காக நீயும் அவனும் ரெண்டு வருசமா மொகம் பாத்துப் பேசல. ஊருக்கே தெரியும். திட்டம் போட்டுக் கொன்னேன்னுதான் ஆகும். உள்ள போனா வெளிய வரமாட்ட.

— கரண்டு செடிக்கம்பிக்கு எப்படிப் போச்சுன்னு கேப்பாகள்ல? நாளைக்குத் திருச்சுழியிலருந்து போலீசு மறுபடி விசாரிக்க வாராக. மொதல்ல அவளத்தான் நிறுத்திக் கேப்பாக. அதுக்கு முன்ன இது அங்க போயிரணும்.

— முப்பது வருசமா ஊருக்கு மனு எழுதுறேன். பொய்த் தேதி ஒண்ணு போட்டதில்ல.

— தப்புப் பண்ணாதவனா இருந்தா ஒங்களக் கேப்பேனா? கரண்டு விட்டது நான் அண்ணாச்சி. அவ செடியத்தான் கட்டினா.

— அந்தத் தாளை இப்படித் தள்ளு.

— எழுதுங்க.

— "முந்தின நாள் காலையில் நானே கம்பியை இழுத்துக் கட்டினேன். வேறு யாருக்கும் இதில் தொடர்பில்லை." இங்க கையெழுத்துப் போடு. பேனாவை அழுத்தாத, தாள் கிழியும்.

— இந்தாங்க அண்ணாச்சி, சோறு.

— நீயே ஒட்டும்மா. என் கையில மை. ஓரத்த நல்லா அழுத்து.

— ஒட்டியாச்சு.

— மினிபஸ்ஸு வருது பாரு. ஏலே காளீஸ்வரா, வண்டிய நிறுத்து. இத ஸ்டேஷன்ல ஏட்டையா கையில குடுத்துரு. நல்லமுத்து பின்னாலயே வாரான்னு சொல்லு.

— போயிருச்சா மச்சான்?

— பரளச்சி ரோட்டுல திரும்பிருச்சு தாயி.

— வேலிகிட்ட துணிதான் கட்டணும்னு அவுக எனக்கும் சொல்லித்தான் வச்சிருந்தாக. அந்நேரத்துக்குத் துணி கெடைக்கல, பொழுதடைய அவுத்துருவோம்னு கம்பியச் சுத்திட்டு மறந்துட்டேன். ரெண்டு பிள்ளைக மச்சான், அதான் பஸ்ஸு திரும்புற வரைக்கும் வாயத் தொறக்கல.