சங்கத்து கம்ப்யூட்டரின் விலாசம்

ரூத்: கறுப்பு ஸ்கிரீன் வந்துடுச்சி அமீரு. இப்ப இன்னா அடிக்கணும்?

அமீர்: நேத்தே விலாசம் குடுத்தேனே அண்ணி. அத்தயே விசாரண ஆபீசருக்கு அனுப்புங்க.

ரூத்: அனுப்பினேன். அவுரு கம்ப்யூட்டரு தன்னயே தேடிக்கினு நிக்கிதாம். "இன்னாம்மா, எங்க விலாசத்தயே எங்களுக்கு குடுக்கறீங்க"ன்றாரு.

அமீர்: அதா... 127-ல ஆரம்பிச்சா அப்டித்தான். "நான் இங்கதான் கீறேன்"னு கம்ப்யூட்டரு தனக்குத்தானே சொல்லிக்கிறது. வெளியாளுக்கு உதவாது.

ரூத்: தெரிஞ்சேவா குடுத்த?

அமீர்: ...கைதவறிடுச்சி.

ரூத்: நாலு வருசமா இதே வேல பண்ற. உனக்கு கைதவறுதா?

அமீர்: அண்ணி, இன்னிக்கி வோணாமே... வாய்தா கேளுங்க.

ரூத்: பதினோரு மணிக்கு விசாரண. இப்பவே பத்தேகாலு. காஸ் கம்பெனிக்காரன் தன் கம்ப்யூட்டரு எரிஞ்சிபூட்சின்னு சொல்ட்டான். காஸ் கசிவு மீட்டரு காட்டின நம்பரு நம்ம முகத்துவாரக்குப்பம் சங்கத்துல மட்டுந்தான் கீது. நீதான மாட்டும்போது சொன்ன? பிளாக்செயினு, ஒருத்தன் அழிச்சாலும் இன்னொருத்தன்கிட்ட நிக்கும்னு.

அமீர்: சொன்னேன்.

ரூத்: இது போவலன்னா என் புருசன் வில்சனும் பகலவனும் காஸால சாவல, குடிச்சிட்டு போட்லயே வுழுந்து செத்தாங்கன்னு எழுதிடுவானுங்கோ.

அமீர்: வில்சன் மோந்துகூட பாக்கமாட்டானே அண்ணி... என் தோஸ்து...

ரூத்: அப்ப டபாய்க்காம சொல்லு.

அமீர்: ...அட்மின், புள்ளி, நோடுஇன்ஃபோ, புள்ளி, ஈநோடு. அடிச்சி என்டர் தட்டுங்க.

ரூத்: ரயிலு மாரி நீட்டா வருது.

அமீர்: அது அதோட பேரு. அத்த தொடாதீங்க. கடசில அட் குறி போட்டு இன்னா கீது?

ரூத்: மறுபடியும் அந்த பாழாப்போன 127.

அமீர்: அத்த மட்டும் எடுத்துட்டு மெய்யான விலாசத்த போடணும். இன்னொரு ஸ்கிரீன் தொறந்து ஐ, பி... எடம் வுட்டு ஏ.

ரூத்: இரு... பத்து... புள்ளி... இருவது... புள்ளி... சைபரு... புள்ளி... பதினாலு.

அமீர்: இன்னாத்துக்கு இவ்ளோ மெதுவா படிக்கறீங்க?

ரூத்: எழுதணும்ல. இதானா விலாசம்?

அமீர்: அதான். ஆபீசரும் அதே நெட்டுலதான் கீறாரு. ஆனா அனுப்பாதீங்க அண்ணி.

ரூத்: ஏன்?

அமீர்: மீட்டரு நம்பரு மட்டும் போவாது. பேரும் சேந்து போவும். காஸ் கசிஞ்சி சைரன் அடிச்சா யாரு பட்டன அமுக்கி நிறுத்தனாங்கன்னு அதுல கீது. செவ்வாக்கெழம, காலைல எட்டு நாப்பது...

ரூத்: சொல்லு.

அமீர்: உங்க பேரு கீது.

ரூத்: இருந்தா இன்னா?

அமீர்: எல்லா பழியும் உங்க மேல வரும். "நாங்க எச்சரிச்சோம், அந்தம்மா நிறுத்திச்சி"ன்னு கம்பெனி கைய கழுவிடும். அதனாலதான் மாத்தி குடுத்தேன்.

ரூத்: வாரத்துக்கு நாலு தபா கத்துது அமீரு. கத்தினா போட்டு எறங்கக்கூடாது. எறங்கலன்னா வூட்ல அடுப்பு எரியாது. சங்கத்துல யாரு சாவி வெச்சிருந்தாலும் அமுக்கிட்டுதான் போவாங்க. அன்னிக்கி அவுரு ஐஸ் பொட்டியோட வாசல்ல நின்னுகினு, "அத்த நிறுத்துடி, நேரமாவுது"ன்னாரு. நிறுத்தினேன்.

அமீர்: அண்ணி...

ரூத்: இந்த கைதான். சோறு பெசையும்போதெல்லாம் பாத்துகினு கீறேன். எரியுது.

அமீர்: மதிக்கு தெரிஞ்சா இன்னா ஆவும்? அவ புருசனும் அதே போட்லதான போனான். பகலவன எடுத்துகினு வந்தப்ப அந்த பொண்ணு மண்ணுல பொரண்டத நான் பாத்தேன். உங்கள சும்மா வுடுவாளா?

ரூத்: போனு ஸ்பீக்கர்ல கீது அமீரு.

அமீர்: ...யாரு கீறா அங்க?

மதி: நான்தாண்ணே. அதுக்கு மொத நாளு பாத்தீங்களா? திங்கக்கெழம அமுக்கினது நானு. விலாசத்த எழுதிகினதும் நான்தான்... ரெண்டு பேரும் சேந்து அனுப்பிட்டோம்.