தூக்கிப் பார்த்த பிறகே பாட்டு
கராச்சர்மாவிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் நிறுத்தியிருந்த பாஸ் கிட்டார், பஸ் குலுங்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பியில் இடித்தது. ஏழு முறை இடித்தது. பதறியது நான்தான், அவள் இல்லை.

“ஸ்பீக்கர் பெட்டிய முதல்ல தூக்கிப் பாக்கணும்ணே. அப்புறந்தான் சத்தத்தக் கேட்டுப் பாக்கணும்” என்றாள் அவள்.

“கடைக்காரன் சிரிப்பான்.”

“நேத்தே சிரிச்சான். சின்னப் பெட்டி ரெண்டையும் ரெண்டு கையில எடுத்துக்கிட்டு டெலானிபூர் மேட்டுல ஏறி எறங்கினேன். அவனும் மூச்சு வாங்கிக்கிட்டே பின்னால வந்தான்.”

“அரே, நம்ம பழைய பெரிய பெட்டியோட அதிர்வு இதுல வருமா?”

“பெரிய பெட்டி எங்க அதிர்ந்துச்சு? போன மாசம் ஹேவ்லாக் தீவுக் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போனோம். கனம் ஜாஸ்தின்னு கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க, படகுத் துறையிலயே நின்னுடுச்சு. நான் மேடையில ஊமையா வாசிச்சேன். ஞாயித்துக்கிழமை நீல் தீவுக் கல்யாணத்துலயும் பாஸ் கேக்கலைன்னா, பேண்டுல வேற ஆளப் போட்டுருவாங்க.”



“சரி, சத்தம் எப்படி?”

“ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, தடிக் கம்பிய ஒரு தட்டு தட்டினேன். கடை ஷட்டரே நடுங்குச்சு. அதோட அவன் சிரிப்பு நின்னுச்சு.”

எனக்குக் கைதட்டத் தோன்றியது.

“ரெண்டு கையிலயும் பெட்டி, முதுகுல கிட்டார். அப்ப ஆம்ப்ளிஃபயர யாரு தூக்கறது?”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“பின்ன, கல்யாணச் சாப்பாட்டுக்கு மட்டும் வரலாம்னு பாத்தியா?”