பொட்டி உறுமும் நேரம்

கெங்கம்மாள்: ...கரண்ட்டு வர்ற வரைக்கும் சும்மா குந்திக்கினு இருக்காத பானு. இந்தா, இந்த முறத்தப் புடி. வெதை மல்லாட்டை. பாத்து ஒடை, பருப்பு பொளந்துபோச்சுன்னா மொளைக்காது.

பானு: குடுங்க அத்த. ஒலக்கூர் நெலத்துக்கா இந்தக் கடலையெல்லாம்?

கெங்கம்மாள்: பின்ன, திண்டிவனத்துல நடு ரோட்டுலயா வெதைக்கப் போறேன்? மார்கழிப் பட்டம் வருதில்ல... இன்னா, கை இங்க இருக்குது, கண்ணு ரூமுக்குள்ள இருக்குது?

பானு: ஒண்ணும் இல்ல அத்த.

கெங்கம்மாள்: அந்தப் பொட்டி எங்கியும் ஓடிப் போவாது. கரண்ட்டு இல்லன்னா அது வெறும் தகரம்.

பானு: பாதி வேலையில நின்னுபோச்சு. உள்ள இன்னா ஆச்சோன்னு பாக்கணும்...

கெங்கம்மாள்: இன்னா ஆவும்?

பானு: அதத்தான் பாக்கணும்.

கெங்கம்மாள்: நல்லா சொன்ன போ. மருமவளா வந்த நாளா பாக்கறேன், டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே இருக்க. மெட்ராசுல வேலை செஞ்சியே, அப்போ சம்பளம் குடுத்தான். இப்போ யாருக்குடி தட்டற?

பானு: யாருக்கும் இல்ல. எல்லாருக்கும்.

கெங்கம்மாள்: பஞ்சாயத்து தலைவர் மாதிரி பேசாத.

பானு: சிரிக்காதீங்க அத்த... கம்ப்யூட்டர ஓட்டறதுக்குன்னு உள்ள ஒண்ணு இருக்கும். லினக்ஸ்னு பேரு. அது ஒரு மொதலாளிக்கு சொந்தம் இல்ல. உலகம் பூரா இருக்கறவங்க சேந்து எழுதறாங்க. எங்கனா ஓட்டை இருந்தா யாரு வேணா தெச்சி அனுப்பலாம். சரியா இருந்தா உள்ள சேத்துப்பாங்க.

கெங்கம்மாள்: கிழிஞ்ச பொடவைக்கு ஒட்டு போடற மாதிரி.

பானு: அதேதான். அதுக்கு பேரே ஒட்டுதான். பேட்ச்னுவாங்க.

கெங்கம்மாள்: உன் ஒட்டு எங்க?

பானு: இந்தக் கடலைய காட்டுங்க... இது பாருங்க, வெளிய பாத்தா நல்ல காய். ஒடைச்சா?

கெங்கம்மாள்: பொக்கு.

பானு: கம்ப்யூட்டரு எதையாவது எழுதிக்கினு இருக்கும்போது பட்டுனு கரண்ட்டு போச்சுன்னா இந்த மாதிரிதான் ஆவுது. கரண்ட்டு வந்து பாத்தா ஃபைல் பேரு மட்டும் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. ஊருல எத்தினி கடைக்காரங்க கணக்கு இப்பிடிப் பூடுச்சி தெரியுமா? அது பொக்கா ஆவாம இருக்க ஒரு ஒட்டு போட்டிருக்கேன்.

கெங்கம்மாள்: போட்டுட்ட இல்ல? அப்புறம் இன்னா பேஜாரு?

பானு: ஏத்துக்க மாட்டேன்றாங்களே. மொத தபா அனுப்பினேன், தப்பான முறையில அனுப்பிட்டேன்னு திட்டு. திருப்பி எழுதி அனுப்பினேன். அந்தப் பகுதிக்கு பொறுப்பா ஒரு ஜெர்மனிக்காரரு இருக்காரு. "இவ்வளவு தபா கரண்ட்டு போற ஊரு நிஜமாவே இருக்கா?"ன்னு கேட்டாரு.

கெங்கம்மாள்: ஒரு நடை வந்து பாக்கச் சொல்றதுதானே. மின்விசிறி ஓடாத ரூமுல படுக்க வெச்சா தெரிஞ்சிக்குவான்.

பானு: போன வருசம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாதி நாளு இருட்டுலதானே இருந்தோம். இப்போதான் கரண்ட்டு கட்டு கொறைஞ்சி போச்சே...

கெங்கம்மாள்: ஆமா... கொறைஞ்சிதான் போச்சு. ...இந்தக் காயெல்லாம் நல்லா வெளைஞ்சிருக்குது.

பானு: ஆமா அத்த.

கெங்கம்மாள்: அந்த ஜெர்மனிக்காரன் கடைசியா இன்னா சொல்றான்?

பானு: நெசமா கரண்ட்டப் புடுங்கி சோதிச்சுக் காட்டுன்றாரு. ஒட்டு போட்டதுக்கு அப்புறம் பொக்கு வரவே கூடாது. இந்த சனிக்கெழமையோட ஒட்டு வாங்கற வாசல மூடறாங்க. அதுக்குள்ள காட்டலன்னா இந்த வாட்டி அவ்வளவுதான். மறுபடி யாரு படிக்கப் போறாங்க...

கெங்கம்மாள்: வண்டி சத்தம் கேக்குதே. ராசு மாதிரி இருக்குது.

ராஜ்குமார்: அம்மா! சாப்பாட்ட ஜல்தி டிபன்ல போட்டுக் குடு. கடைக்கு யூரியா லோடு வந்து நிக்குது, குந்தி சாப்புட நேரம் இல்ல... இன்னா, ஃபேன் ஓடலயா?

கெங்கம்மாள்: கரண்ட்டு இல்லடா.

ராஜ்குமார்: கரண்ட்டு இல்லியா? எதுத்தாப்புல லூர்துமேரி அக்கா வூட்டுல டி.வி. ஓடுதே. தெருவே கேக்கற மாதிரி வெச்சிருக்காங்க.

பானு: அவங்க... இன்வெர்ட்டர் போட்டிருப்பாங்க.

ராஜ்குமார்: அவங்களா? செல்லுக்கே நம்ம வூட்டுல வந்து சார்ஜ் போட்டவங்க. இல்ல பானு, ரொம்ப நாளா பாக்கறேன், நம்ம வூட்டுல மட்டும் அப்பப்போ போவுது. வயரிங்குல ஏதோ கோளாறு. சாயங்காலம் எலக்ட்ரீஷியன் மாசிலாமணிய கூட்டிக்கினு வர்றேன்.

கெங்கம்மாள்: வாணாம்!

பானு: வேணாங்க!

ராஜ்குமார்: இன்னாது... ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றீங்க? ஆச்சரியமா இருக்குது.

கெங்கம்மாள்: அவன் வந்தான்னா செவுரெல்லாம் ஓட்டை போட்டுட்டுப் பூடுவான். நல்ல நாளு கெட்ட நாளு இல்லியா?

பானு: சனிக்கெழமை கழிச்சி கூப்புடலாம்.

ராஜ்குமார்: கரண்ட்டு போனாலும் பொட்டி ஓடணும்னு உனக்கு அந்த யூ.பி.எஸ். வாங்கிக் குடுத்தேனே, அது இன்னா ஆச்சு?

பானு: அது... பேட்டரி வீக்கா இருக்குது.

ராஜ்குமார்: புதுசு! ...சரி விடு. தை பொறந்தா மெட்ராஸ் போயி வீடு பாக்கணும்னு இருக்கோம், இதுல இங்க எதுக்கு செலவு. உனக்கு அங்க வேலை கெடைச்சா நானும் ஒரு கடையில சேந்துக்கறேன். குடும்மா டிபன... இன்னாம்மா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?

கெங்கம்மாள்: மல்லாட்டை தூசு. கண்ணுல பட்டுது. நீ கெளம்பு, லோடு நிக்குதுன்னியே.

ராஜ்குமார்: வர்றேன் பானு.

பானு: பாத்துப் போங்க.

கெங்கம்மாள்: பூட்டானா?

பானு: வண்டி முக்குல திரும்பிடுச்சி.

கெங்கம்மாள்: நீ ஏன் வாணாம்னே?

பானு: நீங்க ஏன் வாணாம்னீங்க அத்த?

கெங்கம்மாள்: நான்தான் சொன்னேனே, செவுரு...

பானு: சரி.

கெங்கம்மாள்: பேட்டரி வீக்குன்னியே. கட்டிலுக்கு அடியில பழைய பொடவைய சுத்தி ஒளிச்சி வெச்சிருக்கியே, அந்த பேட்டரியா?

பானு: ...அங்கெல்லாம் எதுக்கு அத்த பெருக்கறீங்க?

கெங்கம்மாள்: வூடுன்னா பெருக்கத்தான் செய்வாங்க. நல்லா இருக்கறத கழட்டி வெச்சிட்டு, கரண்ட்டு போச்சு கரண்ட்டு போச்சுன்னு வந்து குந்திக்கற. அது இன்னா கணக்கு?

பானு: அத்த, நான் ஒண்ணு கேக்கட்டா? நீங்க சீரியல் பாக்கும்போது மட்டும் ஒரு நாளு கூட கரண்ட்டு போனது இல்லயே. அது இன்னா கணக்கு?

கெங்கம்மாள்: ...அது அவங்கவங்க நேரம்.

பானு: உங்க பேரு கெங்கம்மாள்தானே? வேற பேரு ஒண்ணும் இல்லியே?

கெங்கம்மாள்: இன்னாடி திடீர்னு? மாமியார் பேர இப்போதான் கேக்கறியா?

பானு: ஒட்டோட அடியில, எழுதினவங்க பேரு போடணும். ஓட்டி சோதிச்சவங்க பேரும் போடணும். அது அங்க வழக்கம். எழுதினது எவ்வளவு முக்கியமோ, சோதிச்சதும் அவ்வளவு முக்கியம். பொய்ப் பேரு போடக் கூடாது, கேக்காமலும் போடக் கூடாது. அந்த ஜெர்மனிக்காரரு கேக்கறாரு: "கரண்ட்ட நிறுத்தறது யாரு? மெசினா, ஆளா?"

கெங்கம்மாள்: நீ இன்னா சொன்ன?

பானு: இன்னும் பதில் போடல. மெசின் வெச்சி நிறுத்திப் பாத்தேன் அத்த. அது ஒரே மாதிரி நிறுத்துது, கோளாறு கையில சிக்கவே இல்ல. நானே நிறுத்திப் பாத்தேன். பாவம் பொட்டின்னு, அது சும்மா இருக்கற நேரமா பாத்து என் கை நிறுத்துது. ஆனா இந்த வூட்டுல தானா கரண்ட்டு போவும்போது மட்டும் கரெக்ட்டா சிக்கிச்சி. பொட்டி உர்ருன்னு உறுமிக்கினு, மூச்சு முட்ட எழுதிக்கினு இருக்கும் பாருங்க, சரியா அப்போ போவும்.

கெங்கம்மாள்: ...சத்தம் ஜாஸ்தியா வந்தா பெரிய வேலை நடக்குதுன்னு அர்த்தம். அதுகூடவா தெரியாது.

பானு: அதான் அத்த. அந்த நேரம் வெளிய இருந்து கேக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

கெங்கம்மாள்: எப்போலேருந்து தெரியும் உனக்கு?

பானு: ஆடியிலேருந்து. கரண்ட்டு போச்சேன்னு வாசலுக்கு வந்தேன். மெயின் சுவிட்சுக்குக் கீழ நிக்கறீங்க, கையில தொடப்பம். அங்க பெருக்க ஒண்ணுமே இல்ல.

கெங்கம்மாள்: பாத்துட்டு கம்முனு உள்ள போயிட்டியா?

பானு: சொன்னா நிறுத்திடுவீங்களே.

கெங்கம்மாள்: சண்டை போட்டிருக்கலாம். ராசுகிட்ட சொல்லி இருக்கலாம்.

பானு: மொத நாளு கோவம் வந்துது, பொய் சொல்லல. விழுப்புரத்துக்கு எங்க அம்மா வூட்டுக்கே போயிடலாம்னு இருந்துது. அப்புறம் கரண்ட்டு வந்து பாத்தேன்... நான் மாசக்கணக்கா தேடின பொக்கு, அப்பிடியே உள்ள படுத்திருக்குது. கோவம் எங்க போச்சுன்னு தெரியல. ஏன் அத்த அப்பிடி பண்ணீங்க?

கெங்கம்மாள்: ஏன்னா கேக்கற? உன் புருசன் இப்போ சொல்லிட்டுப் போனானே. தை பொறந்தா மெட்ராசு. இந்த எழுத்து வேலை முடிஞ்சா உனக்கு அங்க வேலை கெடைக்கும்னு அவன்தான் சொன்னான். முடியலன்னா நீங்க போவ மாட்டீங்க. எனக்கு வேற இன்னா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது அந்த மெயின் ஒண்ணுதான்.

பானு: அத்த...

கெங்கம்மாள்: நெலமும் நானும் மாட்டுக் கொட்டாயும்னு இருந்துக்குவேன், அது பெருசில்ல. ராத்திரி சோத்த ஒருத்திக்குன்னு வடிக்கணுமேன்னுதான்...

பானு: அத்த, இங்க பாருங்க. ஜெசி தெரியுமில்ல, என்கூட மெட்ராசுல வேலை செஞ்சவ?

கெங்கம்மாள்: போன்ல பேசுவியே.

பானு: அவ கம்பெனியில, இந்த மாதிரி ஒரு ஒட்டு உள்ள போயிருந்தா வூட்டுல இருந்தே வேலை குடுக்கறாங்க. எந்த ஊரா இருந்தாலும் பரவாயில்ல. திண்டிவனமா இருந்தாலும்.

கெங்கம்மாள்: இன்னா சொல்ற?

பானு: இது உள்ள போனாத்தான் நாங்க இங்கியே இருக்க முடியும். போவலன்னாதான் மெட்ராசு. அவருகிட்டகூட சொல்லல. கெடைக்கலன்னா வீண் ஆசைன்னு... உங்ககிட்டயாவது சொல்லி இருக்கணும். கோவமா அத்த?

கெங்கம்மாள்: அந்த முறத்த இப்பிடி தள்ளு. எழுந்திரு.

பானு: எதுக்கு?

கெங்கம்மாள்: சனிக்கெழமைக்குள்ள காட்டணும்னியே. நான் போயி மெயின மேல தூக்கி விடறேன். நீ போயி பொட்டியப் போடு.

பானு: நெசமாவா? ஆனா எப்போ நிறுத்தப் போறீங்கன்னு எனக்கு சொல்லக் கூடாது.

கெங்கம்மாள்: இத்தினி நாளு சொல்லிட்டா செஞ்சேன்?

பானு: அப்போ பேரு போட்டுக்கட்டா? "சோதிச்சவங்க, கெங்கம்மாள், திண்டிவனம்"னு?

கெங்கம்மாள்: வூட்டுக்காரர் பேரு போட வாணாமா? ரேசன் கார்டுல அப்பிடித்தானே இருக்குது.

பானு: வாணாம். வேலை செஞ்சது நீங்கதானே. ஆனா... கோவத்துல புடுங்கினத சோதனைன்னு எழுதறேன். அதுதான் கொஞ்சம் உறுத்துது.

கெங்கம்மாள்: கோவத்துல புடுங்கினது ஆடி வரைக்கும்தான்டி. அதுக்கப்புறம் ஒரு நாளு ஜெசிகிட்ட பேசிக்கினு இருந்த... "நல்ல வேளை இன்னிக்கி கரண்ட்டு போச்சு, இல்லன்னா என் வேலையே நடக்காது"ன்னு சொல்லி சிரிச்ச. இந்த வூட்டுக்கு வந்து நீ அப்பிடி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. இந்த வேலை முடிஞ்சா நீ எம் புள்ளைய இட்டுக்கினு பூடுவன்னு நெனச்சும், அன்னியிலேருந்து உனக்கோசரம் புடுங்கினேன். போ... போயி பொட்டியப் போடு, உறுமட்டும்.