கஞ்சியாய்ப் போன முதலாளி

— மறுபடியும் கேக்கறேன்ம்மா, என் மூஞ்சி எங்க?

— அங்கதான் சார் இருக்கு. கோட்டுக்கு மேல.

— இதுவா? ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கு! நாளைக்கு நம்ம சாஃப்ட்வேர வாங்க வர்றவங்க முன்னாடி இந்தப் படத்தத்தான் பெரிய திரையில போடணும். "இவர்தான் எங்க முதலாளி"ன்னு எதக் காட்டுவ?

— அதாவது சார், நம்ம சாஃப்ட்வேர் செய்யவேண்டியதத்தான் செஞ்சிருக்கு. படத்தோட ஃபைல் சைஸச் சுருக்கணும்னா எதையாவது விட்டுத்தான் ஆகணும். மனுஷக் கண்ணு படம் முழுக்க ஒரே மாதிரி பாக்கறதில்ல. கண்ணு எங்க நிக்குதோ அந்த இடத்த சாஃப்ட்வேர் அப்படியே வச்சுக்கும். நிக்காத இடத்தக் கலங்கலாக்கிடும்.

— என் மூஞ்சில நிக்கலையா?

— கொஞ்சம் வழுக்கிட்டுப் போகுது சார்.

— யாரு கண்ணும்மா அது?

— நம்ம ஆபீஸ் ஆளுங்க கண்ணுதான். வெளியாளுங்கள உக்காரவச்சுப் படத்தக் காட்டுவோம், அவங்க கண்ணு எங்க போகுதுன்னு கேமரா பாக்கட்டும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். "ஏன், நம்ம பசங்களுக்குக் கண்ணு இல்லையா?"ன்னு நீங்கதான்...

— சரி, சரி. ஆனா எனக்குப் பின்னாடி அந்தச் சுவர்க் கடிகாரத்தப் பாரு! நொடி முள்ளுகூட பளிச்சுனு இருக்கு!

— அது நம்ம வாராந்தரக் கூட்டத்துல எடுத்த படம் சார். நீங்க பேசறமாதிரி பாத்தாலே கண்ணு தானா அங்க போயிடுது. பழக்கதோஷம்.

— அந்தக் கதவு கைப்பிடி?

— அதையும் ரொம்ப ஏக்கமா பாத்திருக்காங்க சார்.

— அடப்பாவிங்களா! பெத்த பிள்ளைங்களாட்டம் பாத்துக்கிட்டேனே! ஒருத்தர்கூடவா என்னப் பாக்கல?

— ஒரே ஒருத்தர் பாத்திருக்கார் சார். அந்தக் கண்ணு உங்க மூஞ்சிய விட்டு அசையவே இல்ல. அத மட்டும் வச்சுச் சுருக்கினா, இதோ, உங்க மீசையில ஒவ்வொரு முடியும் தெரியுது. அவர் யாருன்னு கேட்டீங்கன்னா...

— பேர் கெடக்கட்டும், அப்புறம் சொல்லு! என்னா பாசம்! இதையே நாளைக்குப் போடு.

— இதுல மத்தவங்க எல்லாரும் கஞ்சியாயிட்டாங்க சார்.

— ஆகட்டுமே! இந்தக் கம்பெனிய இத்தன நாளா இந்த ஒரு ஜீவனுக்காகத்தான் நடத்தியிருக்கேன் போல. அவர மட்டும் வச்சுக்கோ. மத்த எல்லாரையும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பு.

— சார், ரெண்டு வருஷமா இதுக்காகத் தூக்கமில்லாம உழைச்சிருக்கேன். என்னையுமா?

— நீ எதப் பாத்த? உண்மையச் சொல்லு.

— ...கடிகாரத்தத்தான் சார்.

— அப்போ நீயும் கெளம்பு. போறதுக்கு முன்னாடி அந்தத் தங்கமான மனுஷன் யாருன்னு சொல்லிட்டுப் போ.

— மொத ஆளா வந்து கேமரா முன்னாடி உக்காந்து அந்தப் படத்தப் பாத்தது நீங்கதான் சார். ஆபீஸ் சாவிய மேசமேல வச்சிட்டுப் போறேன், நாளையிலருந்து நீங்களே தொறந்து நீங்களே பூட்டிக்கோங்க.