கிளப் ஏறுமட்டும் தாடி

"தாடியிலை கை வைக்காதை தம்பி. கிளப் இன்னும் ஏறேல்லை."

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சலூன். என் முறைக்குக் காத்திருந்தேன். நாற்காலியில் இருந்தவர்தான் இப்படிச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். தாடி நெஞ்சைத் தொட்டது. பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி நின்றார்.

"அத்தான், நாளைக்கு உங்கடை மகளுக்குக் கலியாணம். இந்தத் தாடியோடை நிண்டால் செத்தவீடு நடந்த வீடெண்டு மாப்பிள்ளை வீட்டார் நினைப்பினம்."

"நினைக்கட்டும்."

"ஜெர்மன்காரன்ரை உதைபந்தாட்ட கிளப்புக்கு நீங்கள் ஏன் நேர்த்திக்கடன் வைக்கிறியள்?"

"அந்த கிளப்பின்ரை ஊரிலை பத்து வருசம் இருந்தனான். விசா இல்லாத காலத்திலை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்த மைதானத்திலை நிண்ட சனம்தான். போன வருசம் கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிச்சுது. திரும்ப முதலாம் பிரிவுக்கு ஏறுமட்டும் தாடி வழிக்கிறேல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான்."

"இந்த முறை கடைசி ஆட்டத்திலை கோட்டை விட்டுட்டாங்களே."

"ஓம். அடுத்த முறை ஏறுவாங்கள்."

"ஏறாட்டி?"

"தாடி வளரும்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மைத்துனர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளையை யோசியுங்கோ அத்தான். அவள் சபையிலை தலை குனிய வேணுமே?"

"அவளைக் கேட்டுட்டுத்தான் வந்தனான். அவள் அந்த ஊரிலை பிறந்தவள். வழிச்சுப்போட்டு வந்தால் மணவறைக்கு வரமாட்டாளாம்."

சலூன்காரர் கத்தியை மேசையில் வைத்தார். சீப்பை எடுத்துத் தாடியைச் சீவத் தொடங்கினார்.