குளிக்கும் அறைக்கு ஒரு கையெழுத்து

யாழ்ப்பாணத்திலிருந்து சண்டிலிப்பாய்க்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் இருந்து கதைத்தார்கள். இளையவரின் மடியில் இரண்டு கடுதாசிகள் இருந்தன.

“என்ரை மனிசி குளிக்கிறதுக்குத் தம்பியின்ரை கையெழுத்து வேணுமாம், அண்ணை.”

மற்றவர் சிரித்தார். “உதென்ன புதினம்? அவனே தண்ணி வாக்கப் போறான்?”

“அவவுக்குக் கால் வழங்காது. கிணத்தடிக்குப் போகேலாது. வீட்டோடை குளிக்கிற அறை ஒண்டு கட்டப் போறன். தண்ணி எடுக்கிற கிணறு எனக்கும் தம்பிக்கும் பங்குக் கிணறு. பங்குகாரனும் சம்மதிச்சால்தான் அனுமதியெண்டு பிரதேச சபைக் கந்தோரிலை சொல்லிப்போட்டினம்.”

“அவனோடை நீ கதையில்லையே?”

“வேலி வழக்குக்குப் பிறகு ஏழு வருசமாய் இல்லை. கடுதாசியை நாய் நுழையிற வேலிப் பொட்டுக்குள்ளை வைச்சிட்டு வந்தன்.”

“கிழிச்சிருப்பான்.”

“இல்லை. ஒப்பம் வைச்சிருந்தான். கீழை ஒரு வரியும் எழுதியிருந்தான். ‘மச்சாளுக்கு வழுக்காமல் நிலத்தைச் சொரசொரப்பாய்ப் போடவும்.’”

மற்றவர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார்.

“கந்தோர்க் கடுதாசியிலை உப்பிடி எழுதினால் எடுப்பினமே?”

“எடுக்கேல்லை. புதுசு தந்திருக்கினம். திரும்பவும் ஒப்பம் வாங்க வேணும்.”

“திரும்பவும் பொட்டுக்குள்ளையோ?”

சந்தியில் பஸ் நின்றது. அவர் பழைய கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புதியதைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இல்லை அண்ணை. அவன்ரை வாசல் படலையாலை போறன்.”